அருளின் இடது காது

நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து மூடிய வானம். மழை இல்லை. நேற்றைய தண்ணீர் வடிந்த தெங்கேரா சாலையில் பூனைகள் மட்டும்.

ஆஸ்பத்திரிப் பதிவு ஆபீசில் இன்று காது நாள். சில நாள் அப்படி வந்து விழும். ஒரு நாள் முழுக்க முட்டி, ஒரு நாள் முழுக்க பித்தப்பை. இன்று எடுத்த கோப்பெல்லாம் நடுக்காது. டாக்டர் எழுதியதைப் படித்து அதற்குரிய எழுத்தும் எண்ணும் போடுவதுதானே என் பிழைப்பு. சீழ் இல்லாமல் வெறும் நீர் என்றால் H65. சீழ் என்றால் H66. திடீரென்று வந்ததா, நாள்பட்டதா என்பதைப் பொறுத்துப் புள்ளிக்குப் பின்னால் இன்னோர் எண். ஒன்றுமே சொல்லாமல் "நடுக்காது அழற்சி" என்று மட்டும் எழுதி விட்டிருந்தால் H66.9. குறிப்பிடப்படாதது.

அந்த ஒன்பதை எனக்குப் பிடிக்காது. வீடு எங்கே என்று கேட்டால் "மலாக்கா" என்று பதில் சொல்வது மாதிரி.

ஒரு சின்னப் பிள்ளையின் கோப்பு. டா. பிரேமாவின் கையெழுத்து, ஒரே வரி. கேள்வி அனுப்பினேன். எந்தக் காது? சீழா, நீரா? செவிப்பறை எப்படி இருந்தது?

வாங்க: குளியலறைக்கு பல்பு, கடலைப்பருப்பு, அருளுக்குப் பஞ்சு.

அருள் ஜாசின் பக்கத்துச் செம்பனை ஆலையிலிருந்து துறைமுகத்துக்கு எண்ணெய் டாங்கர் ஓட்டிவிட்டு வந்தார். குளித்தார். இடது காதில் புதுப் பஞ்சு. கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டார். இந்த வருடம் முதல் பாட்டில் தனிக்குரல் அவருக்கு. அந்தக் காது சின்ன வயதிலிருந்து ஒழுகுகிறது. கிளினிக்கில் சொட்டு மருந்து தருவார்கள், நிற்கும். பிறகு வரும்.

நவம்பர் 6, புதன்

டா. பிரேமாவே போன் செய்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஸ்டெல்லா, ஒங்க கேள்வி வந்துச்சு. அந்தப் பிள்ள கைய வைக்கவே வுடல. காது முழுக்க அழுக்கு அடச்சிக் கெடந்துச்சு. பறைய நான் பாக்கவே இல்ல. பாக்காதத எப்பிடி எழுதுவேன்?"

"அப்ப ஒன்பதே போட்டுடவா டாக்டர்?"

"போடுங்கலா. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கேன். அப்ப பாத்துட்டு எழுதறேன். இப்பத்திக்கி எனக்குத் தெரியாது. அதான் உண்ம."

போட்டேன். சோம்பலில் வருகிற ஒன்பது ஒன்று, தெரியாது என்று ஒப்புக்கொள்கிற ஒன்பது இன்னொன்று. இத்தனை வருடத்தில் இன்றுதான் தோன்றியது. கணினிக்கு இரண்டும் ஒன்றே.

மத்தியானம் நல்ல மழை. கண்ணாடியில் வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்ட மயக்கம். கண் செருகியது. ஒரு சின்ன அறை. எனக்குக் கணுக்கால் வரை தண்ணீர். ஒரு பக்கச் சுவர் தோலால் ஆனது, லேசாக உள்ளே வந்து வந்து போகிறது. வெளியே யாரோ பாடுகிறார்கள். வார்த்தை புரியவில்லை, குரலின் கனம் மட்டும் சுவரில் தெரிகிறது. கையை வைத்தால் சூடாக இருந்தது.

"ஸ்டெல்லா, தே ஓ?" காக் ரொஹானா, பக்கத்து மேசை. கையில் தேநீர்க் கோப்பை. எனக்கு அக்கா வயது, எனக்கு முன்பிருந்தே இந்த வேலையில் இருப்பவர். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் கால் ஈரமாக இருப்பது போலவே இருந்தது.

நவம்பர் 9, சனி

மஸ்ஜித் தானா என்கிற ஊர். காக் ரொஹானா தம்பி மகள் கல்யாண விருந்து. நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, அன்னாசி அச்சார். மூன்று முறை பரிமாறினார்கள். வெயிலும் தூறலும் சேர்ந்து.

திரும்பி வரும்போது அருள்தான் கார் ஓட்டினார். இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு வளைவில் சட்டென்று வேகம் குறைந்து, கார் புல்லில் ஏறி நின்றது. அவர் இரண்டு கையாலும் ஸ்டேரிங்கைப் பிடித்திருந்தார். நெற்றி முழுக்க வியர்வை. கண்கள் மட்டும் ஏதோ ஒரு பக்கமாக இழுபட்டு இழுபட்டு வந்தன.

"என்னாங்க? என்னா ஆச்சு?"

"பேசாத. கொஞ்சம் பேசாத புள்ள."

மழை கண்ணாடியில் தட்டியது.

"ரோடு மெதக்குது" என்றார். "படகு மாதிரி. இந்தா, இப்ப எறங்குது."

வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகுதான் சொன்னார். இது முதல் தடவை இல்லை. லாரியில், எண்ணெய் நிரம்பிய டாங்கரோடு, ஜாசின் தாண்டிய வளைவிலும் நடந்திருக்கிறது. ஓரமாக நிறுத்தி, தலையைக் கதவில் சாய்த்து, நின்றதும் ஓட்டியிருக்கிறார்.

"யாருக்கிட்டயும் சொல்லிடாத ஸ்டெல்லா. தலசுத்துன்னு தெரிஞ்சா லாரிய புடுங்கிருவானுங்க. இருவது வயசுலேர்ந்து ஏறி ஒக்காந்த சீட்டு அது."

நான் இறங்கிச் சுற்றி வந்து ஓட்டினேன். வீடு வரை அவர் கண்ணை மூடியே இருந்தார். தூங்கவில்லை, தெரியும். நான் அந்த வளைவில் எதிரே வந்திருக்கக்கூடிய பள்ளிக்கூட பஸ்களையெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் எதிரே வரவில்லை. பச்சை, பச்சை, பச்சை.

நவம்பர் 11, திங்கள்

டா. பிரேமாவிடம் அழைத்துப் போனேன். காதுக்காக என்று சொல்லித்தான் கிளப்பினேன்.

டாக்டர் சின்ன உறிஞ்சு குழாய் வைத்துச் சுத்தம் செய்தார். அருள் நாற்காலிக் கையைப் பிடித்தபடி.

"எவ்ளோ நாளா ஒழுகுது?"

"சின்னதுலேர்ந்து. தோட்டத்துல குட்டையில குதிச்சது."

"நாத்தம் இருக்கா?"

"கொஞ்சம்."

"வலி?"

"இல்ல."

"தலசுத்து?"

"இல்ல டாக்டர்."

டாக்டர் பேனாவை எடுத்தார். அவர் எழுதப் போவது எனக்குத் தெரியும். தலைசுற்றல் இல்லை. எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித் தருவது இதுதான், எழுதினால்தான் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. அந்த "இல்லை" தாளில் ஏறிவிட்டால் அப்புறம் எல்லாரும் அதைத்தான் நம்புவார்கள். பேனா தாளைத் தொடுவதற்கு முன்னால் என் வாய் திறந்துவிட்டது.

"இருக்கு டாக்டர். சனிக்கெழம கார நிறுத்திட்டாரு. லாரியிலயும் வந்துருக்கு."

அருள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் எழுந்து வந்து, அவர் இடது காதின் முன்மடலை விரலால் உள்ளே அழுத்தினார். மெதுவாகத்தான். அருள் நாற்காலியோடு சாய்வது போல ஒரு கையை நீட்டிச் சுவரைத் தேடினார். கண்கள் அன்றைக்குப் போலவே ஒரு பக்கம் இழுபட்டன.

"போதும். வுட்டுட்டேன். நின்னுரும்" என்றார் டாக்டர். அவர் குரல் மாறியிருந்தது. "இன்னிக்கிலேர்ந்து லாரி வேணாம் அருள். காரும் வேணாம். எம்சி தரேன், லீவு போடுங்க. ஸ்கேன் எடுக்கணும்."

வீட்டுக்கு வரும்வரை பேச்சில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும்:

"ஒங்கிட்டதான சொன்னேன்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

நவம்பர் 14, வியாழன்

மூன்று நாளாகச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருகிறார். சாப்பிடுகிறார். தட்டைக் கழுவி வைக்கிறார். லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வந்தார். வேண்டுமென்றே கதவை மெதுவாகச் சாத்துகிறார். அடித்துச் சாத்தினால்கூட நன்றாக இருக்கும்.

நேற்று ஸ்கேன். நாளை டாக்டர் சொல்வார்.

இன்று மத்தியானம் ஆபீசில் யாருமில்லை. வீட்டு ஆட்களின் கோப்பை நாங்கள் திறக்கக் கூடாது. அது சட்டம். ஆனால் கை தானாகவே அவர் அடையாள அட்டை எண்ணைத் தட்டிவிட்டது. திரையில் அவர் பெயர். கீழே ஸ்கேன் அறிக்கை, ஒரு நீல வரி. ஒரு தட்டுத் தட்டினால் போதும். குளிர்சாதனத்தின் இரைச்சல். நான் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே எங்கேயோ மிதந்து போனேன். அந்த வரிக்குப் பின்னால் அவர் தலைக்குள் இருக்கிற இடம், நான் போகாத ஓர் அறை.

மவுஸின் மேல் இருந்த என் கையின் மேல் இன்னொரு கை. காக் ரொஹானா எப்போது வந்தார் தெரியவில்லை.

"ஜாங்கான், ஸ்டெல்லா." வேண்டாம். என் கையோடு சேர்த்தே நகர்த்தி, திரையை மூடினார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கல்யாணத்தில் மாப்பிள்ளையின் செருப்பு தொலைந்த கதையைச் சொன்னார். சிரித்தேன். கண்ணீர் வந்தது. அவர் கதையை நிறுத்தவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

"இது வெறும் சீழ் இல்ல அருள்" என்றார் டா. பிரேமா. திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஏதோ மேகம். "உள்ள தோலு வளந்து உருண்டையா சேந்திருக்கு. அது பக்கத்து எலும்ப அரிச்சிக்கிட்டே போவும். நாம தடுமாறாம நிக்கறதுக்குன்னு உள்ள சின்ன வளையம் இருக்கு. அதுல ஓட்ட போட்டுருச்சு. அதான் ரோடு மெதக்குது. மூளைக்கும் அதுக்கும் நடுவுல இருக்கற எலும்பும் மெலிஞ்சி போச்சி. எடுத்தாவணும்."

எண்கள் தாமாக வந்து வரிசையில் நின்றன. H71. H83.1. நான் கூப்பிடவில்லை. போங்கள் என்றாலும் போகவில்லை.

அருள் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிறிஸ்துமஸ் முடிஞ்சி வெச்சிக்கலாமா டாக்டர்? பாட்டு இருக்கு. கோயில்ல."

"மொகத்துக்குப் போற நரம்பு இதுகிட்டயேதான் ஓடுது. எங்க அண்ணனா இருந்தாலும் காத்திருக்க வுட மாட்டேன்."

"காது கேக்குமா அப்பறம்?"

டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தெறந்து பாத்தாதான் தெரியும். கேக்கும்னு சொல்லி ஒங்கள படுக்க வைக்க மாட்டேன். அந்தக் காது சுத்தமா போனாலும் போவும். வலது நல்லா இருக்கு."

அருள் தலையாட்டினார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். மழை. கார் நிறுத்திய இடம் வரை ஒரே குடையில் நடந்தோம். அவர் தோள் நனைந்தது. குடையை அந்தப் பக்கம் சாய்த்தேன். திருப்பி என் பக்கம் சாய்த்தார்.

நவம்பர் 17, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஜோசப் அண்ணன் வீட்டுக்கு வந்தார். பாடற்குழுவை நடத்துபவர். எலும்பும் தோலுமாக நீளமான மனிதர். ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிற விரல்களால் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். நான் அடுப்படியில் நின்று கேட்டேன்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் தள்ளிப் போடலாம்னு பாக்கறேன்ண்ணே" என்றார் அருள். "அப்பறம் பாட முடியுமோ முடியாதோ."

"எனக்கும் நீ பாடணும்னு ஆசதான். ஒன்ன வுட்டா அந்த ஏத்தத்த எடுக்க ஆளு இல்ல." தட்டை நகர்த்துகிற சத்தம். "ஆனா போன மாசத்துலேர்ந்து நீ பாடும்போது தூணப் புடிச்சிக்கிட்டு நிக்கற. நான் பாக்கலன்னு நெனச்சியா? எனக்குப் பயமா இருக்குடா. பாட்ட நான் பாத்துக்கறேன். நீ போயி படு."

தேநீர் கொண்டு போய் வைத்தேன். அருளின் மடியில் இரண்டு கையும் மல்லாந்து கிடந்தன, யாரோ ஏதோ வைக்கப் போவது போல.

அண்ணன் போன பிறகு அடுப்படிக்கு வந்தார்.

"டாக்டருக்குப் போன் போடு. எப்ப வரச் சொல்றாங்களோ வரேன்னு சொல்லு."

பிறகு: "அன்னிக்கி நீ சொல்லாட்டி நான் சொல்லியிருக்க மாட்டேன்."

நன்றியா குற்றச்சாட்டா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

நவம்பர் 21, வியாழன்

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். எழுத ஒன்றும் இல்லாததால் எழுதுகிறேன்.

வெளியே வெயில். பல நாளுக்குப் பிறகு. இதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் என் மேசை. இந்த மாடியின் காகிதங்கள் எல்லாம் எனக்குத் தெரியும், மாடியைத் தெரியாது. நாற்காலிகள் பச்சை நிறம் என்பதுகூட. அறுவை அறிக்கையில் "காதுக்குப் பின்னால் கீறல்" என்று எத்தனை முறை படித்திருப்பேன். அந்த இடத்தில் அவருக்கு ஒரு மச்சம் உண்டு. எந்த அறிக்கையிலும் அது வராது.

நேரம் ஓடவில்லை, ஊறுகிறது. ஒரு தாதி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாள், அது போய்க்கொண்டே இருக்கிறது. எதிரே ஒரு சீனக் கிழவர் வாயைத் திறந்து தூங்குகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாரும் தண்ணீருக்குள் நடக்கிறார்கள் என்று தோன்றியது. நானும் போக வேண்டும், மூச்சுப் பிடித்துக்கொண்டால் போகலாம் என்று.

பிறகு.

கூப்பிட்டார்கள். தலை முழுக்க வெள்ளைக் கட்டு. முகம் சின்னதாகிவிட்டது. டா. பிரேமா தொப்பியோடு குனிந்து நின்று,

"அருள். அருள், சிரிங்க. பல்லு தெரிய சிரிங்க பாப்போம்."

அவர் பாதி உறக்கத்தில், போட்டோவுக்கு நிற்பவர் போல, சிரித்தார். இரண்டு ஓரமும் ஒன்றுபோல் மேலே ஏறின.

"நரம்பு நல்லா இருக்கு" என்றார் டாக்டர், எனக்கு. அவருக்கும் கண் கலங்கியிருந்தது, களைப்பாகவும் இருக்கலாம். வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார். எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது. ஆனால் நினைத்ததைவிட ஆழமாக அரித்திருந்தது. "கேக்கறது கஷ்டம்தான் ஸ்டெல்லா. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் முடிவா சொல்லணும்."

உள்ளே போனபோது இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறார். கஞ்சி. மாசிச் சம்பல் கேட்டார், கொடுத்தேன். ஜோசப் அண்ணன் ஆரஞ்சு கொண்டு வந்தார். தலையணை உறை மாற்ற வேண்டும்.

டிசம்பர் 6, வெள்ளி

காதுக்குள் திணித்திருந்த துணியை எடுத்தார்கள். நீளமாக வந்துகொண்டே இருந்தது. பிறகு கேட்கும் சோதனை.

கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறை. உள்ளே அவர், தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே நானும் சோதனை செய்கிற பெண்ணும். முதலில் வலது. அழுத்தினார், அழுத்தினார். மிகச் சின்னச் சத்தத்துக்கும் அழுத்தினார். நல்ல மாணவன் மாதிரி.

பிறகு இடது. நல்ல காது எட்டிக் கேட்டுவிடாமல் இருக்க அதில் இரைச்சலைப் போடுவார்களாம். அந்தப் பெண் குமிழைத் திருப்பினாள். இன்னும் திருப்பினாள். அவர் கட்டைவிரல் பொத்தானின் மேல் தயாராக இருந்தது. முகத்தில் அவ்வளவு கவனம். சுவரைப் பார்த்தபடி, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, காத்துக்கொண்டே இருந்தார். குமிழ் கடைசி வரை போய்விட்டது. அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் எதையோ குறித்தாள்.

கதவைத் திறந்ததும் கேட்டார்:

"வலதுல மழ பேயற மாதிரி ஒரே எரச்சலா இருக்கு. எடதுல இன்னும் ஆரம்பிக்கலயா?"

டிசம்பர் 10, செவ்வாய்

அருளின் கோப்பு எங்கள் பிரிவுக்கு வந்தது. காக் ரொஹானா கேட்காமலேயே எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கம் பார்க்காமல் நாள் முழுக்க எலும்பு முறிவுகளைப் பார்த்தேன். சாயங்காலம் வாழைப்பழக் கொழுக்கட்டை ஒரு பொட்டலம் என் மேசையில் வைத்தார்.

"டாக்டர் எல்லாத்தையும் எழுதிட்டாங்க" என்றார் மலாயில். "கேள்வி எதுவும் இல்ல."

தலைசுற்றல் அதன் பிறகு ஒரு தடவைகூட இல்லை. கம்பெனியில் ஜனவரி முதல் ஆலை வாசலில் லாரி நிறுக்கிற இடத்தில் வேலை தருகிறார்கள். லாரி இல்லை. அருள் சரி என்றுவிட்டார். தன் பழைய டாங்கர் முதல் முறை எடை மேடையில் ஏறும்போது என்ன செய்வார் என்று நினைத்துப் பார்த்தேன். தெரியவில்லை.

டிசம்பர் 25, புதன்

காலைப் பூசை. பாடற்குழுவோடு நிற்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சட்டை புதுசு, நீலம். முதல் பாட்டில் அவர் பாட வேண்டிய இடத்தை ஜோசப் அண்ணன் பாடினார். அந்த ஏற்றத்தில் அண்ணனின் குரல் உடைந்தது. யாரும் திரும்பவில்லை. அருள் கண்ணை மூடிக்கொண்டார்.

நற்கருணைப் பாட்டின்போது மெல்லத் தொடங்கினார். பிறகு ஏறியது. தன் குரல் தனக்குக் கேட்கும் அளவு தெரியாமல், எல்லாருக்கும் மேலே, மிக உரக்க. முன் வரிசையில் ஒரு சின்னப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மாவும். அவர் முழங்கையைத் தொடலாம் என்று கை போனது. தொடவில்லை. ஜோசப் அண்ணன் ஆர்மோனியத்தில் இன்னும் அழுத்தி வாசித்து, அந்த உயரத்துக்கே வந்து சேர்ந்துகொண்டார். ஒவ்வொருவராக எல்லாரும். கோயில் கொஞ்ச நேரம் தரையை விட்டு எழும்பியது போல இருந்தது.

வெளியே வந்ததும், "சத்தம் ஜாஸ்தியாயிருச்சா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

"பரவால்ல" என்றார்.

டிசம்பர் 29, ஞாயிறு

செர்காம். நான் ஓட்டினேன். கடலோரக் கடையில் சுட்ட மீன், இளநீர். அலை இல்லாத கடல், பாலும் சாம்பலும் கலந்த நிறம். எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியவில்லை.

மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"ஒரு காதுன்னா எந்தப் பக்கத்துலேர்ந்து சத்தம் வருதுன்னே தெரியாது போல. எல்லாமே வலதுலேர்ந்துதான் வருது. மோட்டார், பூன, நீ. கடலும் நீயும் இப்ப ஒரே எடத்துலதான் இருக்கீங்க."

சிரித்தார். அன்று ஆஸ்பத்திரியில் சிரித்தது போல, பல் தெரிய. கை கழுவிவிட்டுக் கரையில் இறங்கி, கடல் வலப்பக்கம் இருக்க நடந்தார். ஈர மணலில், எதையும் பிடிக்காமல், நேராக. நெடுந்தூரம் போய்விட்டார். வெயில் இறங்கத் தொடங்கியது. கிளம்பலாம் என்று எழுந்து நின்று கூப்பிட்டேன்.

நின்றார். கடலைப் பார்த்துத் திரும்பி, "என்னா புள்ள?" என்றார்.